ஒத்துப்போகாத பதில்

அரசாங்கம் அனுப்பிய நோட்டீஸின்படி எனக்கு ஓர் அண்ணன் உண்டு. என் அண்ணனுக்குத் தங்கை கிடையாது.

‘குடும்ப வரைபட முரண்’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். நாட்டில் உள்ள எல்லோரையும் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிவேட்டில் பெயர் வரவேண்டுமென்றால், பழைய பதிவேட்டில் இருந்த யாராவது ஒருவரின் வாரிசு என்று நாம் காட்ட வேண்டும். நான் என் அப்பாவைக் காட்டினேன். அப்பாவுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, ஒன்றில் அண்ணனையும் இன்னொன்றில் என்னையும் எழுதிக் கொடுத்தேன். அண்ணனும் அதே அப்பாவைத்தான் காட்டியிருந்தான். ஆனால் அவன் இழுத்தது ஒரே கோடு. அலுவலகத்துக் கம்ப்யூட்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் எங்கிருந்து வந்தாள் என்று கேட்டது.

என் கணவர் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். நோட்டீஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“உன்னை நாடு கடத்தணும்னா ஏதாவது ஒரு நாடு உன்னை ஏத்துக்கணும். எந்த நாட்டுக்கு அவ்வளவு தைரியம் இருக்கு?” என்றார்.

மற்ற நாளாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று வாய் வரவில்லை. நான் பேசாமல் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. நோட்டீஸை மடித்து என் கையில் வைத்துவிட்டு, சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பிள்ளைகளுக்கும் அவர்களின் அம்மாக்களுக்கும் நான் வேன் அக்கா. சந்து பொந்தில் வண்டியை நுழைப்பதிலும், குறுக்கே வருகிறவனை நாலு வார்த்தை கேட்பதிலும் எனக்கு நல்ல பெயர். காலையில் முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள் வருவார்கள். பதிவேடு ஆரம்பித்த நாளிலிருந்து அவர்களுக்கு வேறு பேச்சே இல்லை. கணக்கு டீச்சர், ஒரு வீடு என்றால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரனுக்குத் தெரிய வேண்டாமா, மடியில் கனம் இல்லாதவர்கள் ஏன் பயப்பட வேண்டும் என்பார். வரலாறு டீச்சர், பிறந்து வளர்ந்த வீட்டிலேயே நீ யார் என்று கதவடைத்துக் கேட்டால் அதற்குப் பெயர் கணக்கெடுப்பா என்பார். வீட்டுக்குப் போனால் டி.வி.யிலும் இதேதான், நாலு கட்டத்துக்குள் நாலு தலைகள் கத்திக்கொண்டிருக்கும். கணக்கு டீச்சர் பேசும்போது அதுவும் சரிதானே என்று தோன்றும். வரலாறு டீச்சர் பேசும்போது இதுவும் சரிதான் என்று தோன்றும். நோட்டீஸ் வந்த மறுநாள் காலையில் இரண்டுமே காதில் ஏறவில்லை. ஹாரனை அழுத்தினேன். முன்னால் யாரும் இல்லை.

என்னிடம் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. லைசென்ஸில் கணவர் பெயர், வாக்காளர் அட்டையில் கணவர் பெயர், வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயர். நான் யாருடைய மனைவி என்பதற்கு ஏகப்பட்ட ஆதாரம் இருந்தது. யாருடைய மகள் என்பதற்குத்தான் ஒன்றுகூட இல்லை. பள்ளிச் சான்றிதழும் மற்றதும் அப்பா வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தன. மெக்கானிக்கைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றதும், என் பிணத்தைத் தாண்டிப் போ என்று அப்பா சொன்னதும், நான் பின்வாசல் வழியாகப் போனதும் ஒரே வாரத்தில் நடந்து முடிந்தவை. கட்டிய துணியோடு கிளம்பும்போது யாராவது சான்றிதழை நினைப்பார்களா? நான் படித்த பள்ளிக்கூடத்தை மூடி, கட்டடத்தைக் கிடங்காக்கி எத்தனையோ காலம் ஆயிற்று. அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டாள். ஆக, எனக்கும் என் அப்பாவுக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அண்ணனின் வாய் ஒன்றுதான்.

அந்த வாய் என்னோடு பேசி, கல்லூரிக்குப் போகும் என் மகளின் வயதுக்கும் மேலே ஆகிறது. அண்ணன் ஊரின் மறுகோடியில் ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டும் கடை வைத்திருக்கிறான் என்று தெரியும். அந்தப் பக்கம் வண்டி போகவேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவேன். அப்பா இறந்ததைக்கூட அவன் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. கணவரின் பட்டறைக்கு பிரேக் சரிபார்க்க வந்த ஒரு லாரிக்காரர், “உங்க மாமனார் போனது பெரிய இழப்புங்க. எங்களுக்கெல்லாம் குரு மாதிரி” என்று துக்கம் விசாரித்திருக்கிறார். என் அப்பா லாரி ஓட்டியவர். எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவி விட்ட பிறகு, வழியில் வந்த ஒருவர் வாயால் எனக்குத் தெரிந்தது. அன்று அழுததைவிட, யாரிடம் போய் அழுவது என்று தெரியாமல் நின்றதுதான் நினைவில் இருக்கிறது.

வரைபடத்தில் அவன் என்னை விட்டது வேண்டுமென்றேவா, தவறியா என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் பகுதியில் பலரும் அந்தத் தவறைச் செய்திருந்தார்கள். கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுக் கணக்கில்தானே வருவாள் என்று யாரோ சொல்ல, கூடப் பிறந்தவளை எழுதாமல் விட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர். அண்ணனும் அப்படி விட்டிருக்கலாம். ஆனால் என்னைக் கட்டிக்கொடுத்தவன் இல்லையே அவன். ராத்திரி படுத்தால் ஒருமுறை அப்படியும் ஒருமுறை இப்படியும் தோன்றும்.

பெயர் வராவிட்டால் ‘ஐயத்துக்குரியவர்’ என்று தனிப் பட்டியலில் போடுவார்கள். முதலில் லைசென்ஸை நிறுத்துவார்கள், பிறகு வழக்கு, அதிலும் தோற்றால் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். வண்டி இல்லாமல் நான் என்ன செய்வேன்? ஆனால் விசாரணைக்குக் கிளம்பிய காலையில் கண்ணாடி முன்னால் நின்றபோது என் மனசு அடித்துக்கொண்டது அதற்காக இல்லை. அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள், அவன் வருவான். ஒரு மூன்றாம் ஆள் அவனைப் பார்த்து, இவள் உனக்கு யார் என்று கேட்பார். அவன் தங்கை என்று சொல்ல வேண்டும். அதை என் காதால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். விசாரணைக்கு வருகிறவர்களுக்கு என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதே அவர் பொழுதுபோக்கு. ஊரே அவரை ‘விடைத்தாள்’ என்றுதான் கூப்பிட்டது. அண்ணனையும் தங்கையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்விகளைக் கேட்பார்கள், பதில் ஒத்துப்போக வேண்டும் என்று அவர்தான் சொன்னார். தெரியாது என்ற வார்த்தையை வாயிலேயே கொண்டுவரக் கூடாதாம். அப்பா இறந்தபோது போயிருந்தீர்களா என்று கட்டாயம் கேட்பார்களாம்.

“போகல” என்றேன்.

“போனீங்க.”

“போகலன்னுதானே சொல்றேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, பெத்த அப்பனைக் கடைசியா பார்க்கப் போகாதவ மகளே இல்லன்னு எழுதிடுவாங்க. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். போனீங்க.”

நான் போனேன் என்று சொல்லி, அண்ணன் அவள் வரவே இல்லை என்று சொல்லிவிட்டால்? பொய்க்காரி ஆகிவிடுவேன். உண்மையைச் சொன்னாலோ மகளே இல்லை. மற்ற குடும்பங்கள் முந்தின நாளே ஒன்றாக உட்கார்ந்து பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தன. நானும் அவனும் என்னத்தை மனப்பாடம் செய்வது?

மாடி வராந்தாவில் அவனைப் பார்த்தேன். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அப்பாவைப் போலவே இடது தோளைச் சற்று இறக்கி நடக்க ஆரம்பித்திருந்தான். விரல்களில் கண்ணாடி கீறிய தழும்புகள். என்னைப் பார்த்தான், உடனே சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படிக்க ஆரம்பித்தான். நான் இரண்டு அடி வைத்திருப்பேன், காவலாளி கையை நீட்டித் தடுத்தார். விசாரணை முடியும்வரை உறவினர்கள் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாதாம், பெஞ்சும் தனித்தனியாம். இத்தனை காலம் எங்கள் சொந்த முயற்சியில் பேசாமல் இருந்தோம், இப்போது அதற்கு அரசாங்கமே சட்டம் போட்டுவிட்டது என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் கூடவே வரும் போலிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே விசிறி ஓடும் சத்தம் கேட்டதே தவிர ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வெளியே வந்தவன் என்னைப் பார்க்காமல் தன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். முகத்தில் எதுவும் தெரியவில்லை. சின்ன வயதிலும் அப்படித்தான். அடி வாங்கிவிட்டு வந்தாலும் மிட்டாய் வாங்கிவிட்டு வந்தாலும் ஒரே முகம்தான்.

விசாரணை அதிகாரி என் வயதுப் பெண். கழுத்தில் பட்டை போட்டிருந்தார். கழுத்தைத் திருப்ப முடியாததால் என்னைப் பார்க்க ஒருமுறை, கம்ப்யூட்டரைப் பார்க்க ஒருமுறை என்று நாற்காலியோடு திரும்பிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அதைப் பார்த்தே போய்விட்டது. அதிர்ந்து பேசாதவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார்.

கேள்விகள் சின்னச் சின்னதாக இருந்தன. அப்பாவுக்கு என்ன வேலை, வீட்டில் சமையலறை எந்தப் பக்கம், தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள், அம்மா எப்படி இறந்தார், யார் எங்கே படுப்பீர்கள். பதில் சொல்லச் சொல்ல அந்த வீடு எனக்குள் எழும்பி நின்றது. சமையலறை ஜன்னலுக்குக் கம்பி ஒன்று இல்லை, அதன் வழியாகத்தான் நான் வெளியே குதிப்பேன். லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் நானும் அண்ணனும் போட்டி போட்டுக்கொண்டு ஓடுவோம். அப்பா என்னை எஞ்சின் மூடிமேல் உட்காரவைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்க விடுவார். அண்ணனுக்கு வண்டி என்றாலே பயம், கீழே நின்று வேடிக்கை பார்ப்பான். கேட்காததையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன். அதிகாரி தடுக்கவில்லை. வீட்டில் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். “வாலு” என்றேன். அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. அண்ணனும் அதையே சொல்லியிருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன். யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆகிறது!

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. அப்பா இறந்தபோது நான் போயிருந்தேனா?

“போனேன்.”

“எங்க இருந்தீங்க? என்ன பண்ணீங்க?”

விடைத்தாள் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். “வாசல்ல நின்னேன். கூட்டத்தோட கூட்டமா நின்னு பார்த்துட்டு வந்துட்டேன். உள்ள போகல.”

அதிகாரி தட்டச்சு செய்தார். நிறுத்தினார். திரையைப் பார்த்தார். நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

“மத்தது எல்லாமே ஒத்துப்போகுது. இது ஒண்ணுதான் ஒத்துப்போகல.”

அவ்வளவுதான், அவன் சொல்லிவிட்டான், வரவே இல்லை என்று சொல்லிவிட்டான் என்று நினைத்தேன்.

“உங்க அண்ணன் என்ன சொல்லியிருக்கார்னா,” என்று திரையைப் பார்த்து வாசித்தார். “தங்கச்சி வந்தா. அப்பா கால்மாட்டுல உட்கார்ந்திருந்தா. எடுக்கிற வரைக்கும் எழுந்திருக்கல. நான்தான் போய்க் கையைப் பிடிச்சு எழுப்பினேன்.”

எனக்கு முதலில் வந்தது கோபம். இதை ஒளிக்க வேண்டியதில்லை. எவ்வளவு சுலபமாக என்னை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டான்! அன்றைக்கு ஓர் ஆளை அனுப்பியிருந்தால் நிஜமாகவே உட்கார்ந்திருப்பேனே. நான் வரவில்லை, மேடம், இவன் எனக்குச் சொல்லவே இல்லை, யாரோ லாரிக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும் என்று கத்திவிட வேண்டும்போல் இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் என் பெயர் போகும், அவன் பொய் சொன்னவன் என்று அவன் பெயரும் போகும். போகட்டும் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

ஆனால் அந்த வார்த்தைகள் என்னை விடவில்லை. அவசரத்துக்குச் சொல்லும் பொய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், இப்போதுதான் நானே ஒன்று சொல்லியிருந்தேன். கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன் என்று. பொய்யில்கூட எனக்கு வாசல்படி தாண்டத் தைரியம் வரவில்லை. அவன் சொன்னது அப்படி வந்ததாக இல்லை. கால்மாட்டில் உட்கார்ந்ததும், எழுந்திருக்காததும், கையைப் பிடித்து எழுப்பியதும் அவன் பலமுறை பார்த்ததைப்போல இருந்தது. இத்தனை வருஷமாக நான் மட்டும்தான் அப்பாவைக் கிடத்திய அந்த அறைக்குள் என்னை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். அவனும் வைத்துப் பார்த்திருக்கிறான்.

“ஒருத்தர் வாசல்ல நின்னாங்களா, கால்மாட்டுல உட்கார்ந்திருந்தாங்களாங்கிறது யாருக்கும் மறக்காதும்மா,” என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. “எது சரி?”

“அண்ணன் சொன்னதுதான் சரி.”

“அப்ப ஏன் வாசல்னு சொன்னீங்க?”

“முதல்ல வாசல்லதான் நின்னேன். கோவிச்சுக்கிட்டுப் போனவ இல்லையா, உள்ள போகக் கால் வரல. அப்புறம் கூப்பிட்டாங்க. போனேன்.”

“யார் கூப்பிட்டாங்க?”

“அண்ணன்.”

சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. அதிகாரி அதை அப்பாவை நினைத்து அழுவதாக எடுத்துக்கொண்டார். அதிலும் தப்பில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு நான் சொன்னதையும் சேர்த்து எழுதினார். காவலாளியிடம் சொல்லி அண்ணனை உள்ளே கூப்பிட்டார்.

அவன் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை, அதன் பின்னால் நின்றான். கடைசியாக ஒரு கேள்வி இரண்டு பேர் முன்னாலும் கேட்க வேண்டும், அதுதான் விதி என்றார் அதிகாரி.

“இவங்க உங்களுக்கு யாரு?”

என் வண்டிக்குக் குறுக்கே ஆள் பாய்ந்தபோதுகூட நான் இப்படி மூச்சைப் பிடித்ததில்லை.

“தங்கச்சி,” என்றான்.

வரைபடத்தில் ஏன் எழுதவில்லை என்று அவர் கேட்டார். அண்ணன் தழும்பு விரல்களைப் பிசைந்தான்.

“கூடப் பிறந்தவங்க விலாசம் கேட்டிருந்துச்சு, மேடம். எனக்கு இவ வீடு எங்க இருக்குன்னு தெரியாது. தெரியாதுன்னு எழுதக் கூச்சமா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்.”

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். அடுத்தடுத்து எங்கள் பெருவிரலைப் பதியச் சொன்னார். முரண் தீர்ந்தது, என் பெயர் பட்டியலில் வரும் என்றார். ஆனால் பட்டியல் வெளியானதும் யாராவது ஆட்சேபணை கொடுத்தால் மறுபடியும் இரண்டு பேரையும் கூப்பிடுவார்களாம். அப்போதும் இன்று சொன்ன இதே பதிலைத்தான் சொல்ல வேண்டுமாம், ஒரு வார்த்தை மாறினாலும் சிக்கலாம். இரண்டு பேரும் தலையாட்டினோம்.

படி இறங்கும்போது அவன் முன்னால் போனான், நான் பின்னால் போனேன். வெளியே வெயில் கொளுத்தியது. பஸ் நிறுத்தம் பக்கம் திரும்பப் போனவனை, “வண்டியிலதான் வந்திருக்கேன்” என்று நிறுத்தினேன். அவன் மஞ்சள் வேனைச் சுற்றிவந்து பார்த்தான். முன் சீட்டுக் கதவை நான் திறந்துவைத்தும், பின்னால் ஏறி, பிள்ளைகளின் குட்டி சீட்டில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தான். வண்டிப் பயம் அவனை இன்னும் விடவில்லை. வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். நானும் பின்னால் போய் எதிர் சீட்டில் உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்பவில்லை.

“அப்பா என்னைக் கேட்டாரா?” என்றேன்.

“வாயால கேக்கல. அவரைப் பத்தித் தெரியாதா.” ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். “தெருவுல வண்டிச் சத்தம் கேட்டா மட்டும் யாருன்னு பாருடான்னு சொல்லுவாரு. எந்த வண்டியா இருந்தாலும்.”

“அப்புறம் ஏன் சொல்லி அனுப்பல?”

“வீடு தெரியலன்னு சொல்லிக்கிட்டேன்.” ஜன்னல் கண்ணாடியின் விளிம்பை விரலால் தடவினான். “தேடியிருந்தா கிடைச்சிருக்கும். தேடல.”

இத்தனை வருஷமும் இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். இதை அவன் சொன்னால் என்னவெல்லாம் திருப்பிக் கேட்க வேண்டும் என்று சமைக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றையும் கேட்கத் தோன்றவில்லை. அதைக் கேட்டு ஜெயித்தாலும் அந்த அறை எனக்குக் கிடைக்காது. எனக்கு வேண்டியது அந்த அறைதான்.

“மறுபடியும் கூப்பிட்டா இதே பதிலைச் சொல்லணும்னு அந்தம்மா சொன்னாங்க இல்ல?”

“ஆமா.”

“நான் உள்ள இருந்தேன்னு நீ சொல்லிட்ட. உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதே. அங்க என்ன பார்த்தேன்னு சொல்லு.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அன்று காலையிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தான்.

“முன்னறையிலதான் கிடத்தியிருந்தோம்,” என்று ஆரம்பித்தான். “வண்டி ஓட்டுற காக்கிச் சட்டையைத்தான் போடணும்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாரு. அதான் போட்டோம். ரெண்டாவது பட்டன் இல்ல. தேடிப் பார்த்தேன், கிடைக்கல. அப்படியே விட்டுட்டோம்.”

“முகம்?”

“நல்லாத்தான் இருந்துச்சு. தாடி வளர்ந்திருந்துச்சு. நான்தான் ஷேவ் பண்ணேன்.” நிறுத்தினான். “எத்தனை கண்ணாடி வெட்டுற கை இது, நடுங்கினதே கிடையாது. அன்னைக்கு நடுங்கிருச்சு. கன்னத்துல ஒரு இடத்துல வெட்டிட்டேன். ரத்தம் வரல. அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு.”

அவன் அழுவதை நான் பார்த்ததே இல்லை. இப்போதும் அழவில்லை. என் கை தானாகப் போய் அவன் முழங்கால்மேல் உட்கார்ந்தது. அவன் அதைத் தள்ளிவிடவில்லை.

“நான் அப்ப எங்க இருந்தேன்?”

“கால்மாட்டுல.”

“அழுதேனா?”

அவன் யோசித்தான். யோசித்துப் புதிதாகச் சொல்வதுபோல இல்லை, சரியாக நினைவுபடுத்திக்கொள்வதுபோல இருந்தது.

“இல்ல, நீ அழல. மத்தவங்க எல்லாரும் அழுதாங்க, நீ அழல. அப்பா பாதம் ரெண்டையும் கைக்குள்ள பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த. நான் கூப்பிட வந்தப்ப நிமிர்ந்து பார்த்து, சில்லுன்னு இருக்குண்ணேன்னு சொன்ன.”

நான் என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டேன்.

“ஆமாண்ணே,” என்றேன். “சில்லுன்னுதான் இருந்துச்சு.”